போட்டோக்களால் சொல்லும் ஜோம்பிக் கதை: புதிதாகச் செய்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

பேய்க்கதையைப் புத்தகத்தில் படித்திருப்போம், திரையில் பார்த்திருப்போம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஆட்களை நடிக்க வைத்து, ஒவ்வொரு காட்சியையும் போட்டோவாக எடுத்து, அந்தப் போட்டோக்களை வரிசையாக அடுக்கிப் புத்தகமாகவே கதையைச் சொல்லிவிடுவது. படக்கதை மாதிரிதான், ஓவியர் இருக்கும் இடத்தில் கேமரா இருக்கும். எழுத்து ரொம்பக் குறைவு. சில பக்கங்களில் ஒரு சொல்கூட இருக்காது. பதிப்பகம் எதையும் நம்பி இருக்காமல், நாலைந்து நண்பர்கள் கைக்காசைப் போட்டு இதைச் செய்தால் அதுதான் சுயாதீனப் புத்தகம்.

பினாங்கில் நம் பிள்ளைகள் பலரிடம் நல்ல கேமரா இருக்கிறது. திருமணங்களுக்குப் படம் எடுத்துக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள், குறும்படம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது தமிழில் இப்படி ஒரு ஜோம்பிப் புத்தகம், அதாவது செத்து எழுந்து நடமாடும் பிணங்களின் கதை, செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு வேண்டிய அடிப்படைகளை இங்கே சொல்கிறேன்.

இந்த வடிவம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருடங்களில், 1947-இல், இத்தாலியில் காதல் கதைகளைப் போட்டோ போட்டோவாகச் சொல்லும் இதழ்கள் வெளிவந்தன. கதாபாத்திரங்கள் பேசுவது போட்டோவின் மேலேயே அச்சாகியிருக்கும். அங்கிருந்து பிரான்ஸ், ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கா என்று அது பரவியது. இயக்குநர் ஃபெலினி 1952-இல் எடுத்த 'த ஒயிட் ஷேக்', அந்த மாதிரி இதழில் வரும் நாயகன் மேல் ஆசை வைத்த ஒரு புதுமணப் பெண்ணின் கதை. நமக்கு இன்னும் நெருக்கமானது 1962-இல் கிறிஸ் மார்க்கர் என்ற பிரெஞ்சு இயக்குநர் எடுத்த 'லா ஜெட்டே' என்ற படம். மொத்தம் 28 நிமிடம். ஒரே ஒரு சின்னத் துணுக்கைத் தவிர முழுக்க அசையாத போட்டோக்கள். போரில் அழிந்த பாரிஸ் நகரம், நிலத்துக்கு அடியில் ஒளிந்து வாழும் மனிதர்கள். உலகம் அழிந்துபோன கதையைச் சொல்ல ஓடும் படம் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

சரி, ஜோம்பி எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் சொந்தக் கதை இதில் வந்து தொடுகிறது.

ஜோம்பியின் பிறந்த ஊர் கரீபியன் கடலில் இருக்கும் ஹைத்தி நாடு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் மாடாய் உழைத்தார்கள். 1804-இல் அந்த அடிமைகளே போராடி நாட்டை விடுவித்தார்கள். ஆனால் ஒரு பயம் மட்டும் கதைகளில் தங்கிவிட்டது: செத்த பிறகும் விடுதலை கிடைக்காமல், புதைத்த உடலை ஒருவன் எழுப்பித் தோட்டத்தில் வேலை வாங்குவானோ என்ற பயம். அந்த ஜோம்பி யாரையும் கடிக்காது. பேசாது, முகத்தில் உணர்ச்சி இருக்காது, சொன்ன வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 1929-இல் வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கர் ஹைத்தியைப் பற்றி எழுதிய நூலில் கரும்புக் காட்டில் வேலை செய்யும் ஜோம்பிகள் வருகிறார்கள். மேற்கத்திய வாசகர்கள் பலருக்கு ஜோம்பி அறிமுகமானது அந்த நூல் வழியாகத்தான்.

இப்போது பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துப் பக்கம் வாருங்கள். இன்று செபராங் பிறை என்று சொல்லும் பகுதிக்கு அன்று பெயர் புரோவின்ஸ் வெல்லெஸ்லி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர்கள். அந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் மலாயாவில் ஒழிந்தது. ஹைத்தியின் அடிமை முறையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் செத்தும் தோட்டத்தை விட்டுப் போக முடியாத உடல் என்ற கற்பனை, நம் முன்னோர்களின் வாழ்க்கைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அதனால்தான் தமிழில் ஜோம்பிக் கதை செய்தால் அது கடன் வாங்கிய சரக்காக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்று நமக்குத் தெரிந்த, மனிதனைத் தின்னும் ஜோம்பி பின்னால் வந்தது. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோவும் அவர் நண்பர்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' அதற்கு வழி போட்டது. கறுப்பு வெள்ளைப் படம், குறைந்த செலவு, நண்பர்கள் சேர்த்த பணம். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பைப் பயன்படுத்தினார்கள், கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது! படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது காப்புரிமை வாசகம் விடுபட்டுப் போனதால், அமெரிக்கச் சட்டப்படி அது பொதுச் சொத்தாகிவிட்டது. ஜோம்பியை யாரும் தன்னுடையது என்று கட்டிப்போட முடியாது. நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அசையாத போட்டோ எப்படிப் பயமுறுத்தும்?

சினிமாவில் பயம் வருவதற்குப் பாதிக் காரணம் சத்தம், மீதிக்குத் திடீர் அசைவு. புத்தகத்தில் இரண்டும் கிடையாது. அதற்குப் பதில் மூன்று விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன. முதலாவது, போட்டோவை மனம் ஒரு சாட்சியாகப் பார்க்கிறது. ஓவியத்தில் ஒரு பிணம் எழுந்தால் அது ஓவியம். நம் ஊர் அடுக்குமாடியின் நடைபாதையில், நமக்குத் தெரிந்த பச்சைச் சுவரின் முன்னால் அது நின்றால், பொய் என்று தெரிந்தும் ஒரு நொடி நெஞ்சு நின்று போகிறது. இரண்டாவது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை வாசகரே முடிவு செய்கிறார். சினிமா அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே அவர் நின்று, இருட்டான மூலையில் ஏதாவது இருக்கிறதா என்று தேடலாம். அந்தத் தேடலே பயம்தான். மூன்றாவது, ஒரு போட்டோவுக்கும் அடுத்த போட்டோவுக்கும் நடுவில் நடப்பதை வாசகர் தன் மனத்தில் தானே நடத்திக்கொள்கிறார். அங்கே அவர் கற்பனை செய்வதை எந்த மேக்கப்பும் மிஞ்ச முடியாது.

ஒரு உதாரணம் வைத்துச் சொன்னால் விளங்கும். கதையை நானே கட்டுகிறேன்.

ஒரு குடும்பம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அப்பாவுக்கு இரவு ஷிப்ட். பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. அம்மா, பள்ளிக்குப் போகும் மகள். முதல் பக்கத்தில் வீட்டு வாசல் மட்டும். கிரில் கதவு, அதற்கு வெளியே செருப்புகள்: மகளின் வெள்ளைப் பள்ளிக் காலணி, அம்மாவின் ரப்பர் செருப்பு, அப்பாவின் கறுப்பு சேஃப்டி ஷூ. ஆள் யாரும் இல்லை. அடுத்த பக்கத்தில் அதே கோணம், அதே உயரம், மாலை வெளிச்சம். சேஃப்டி ஷூ மட்டும் இல்லை. அப்பா வேலைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். மறுபடி காலை, ஷூ வந்துவிட்டது. மறுபடி மாலை, ஷூ இல்லை. வாசகருக்கு இந்த வீட்டின் பழக்கம் புரிந்துவிட்டது.

அப்புறம் மெல்ல மெல்லக் கெடுங்கள். அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் போன் வெளிச்சம். எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருக்கிறது. மாடிப்படியில் யாருடைய ஒற்றைச் செருப்போ கிடக்கிறது. அம்மா கிரில் கதவுக்குப் பூட்டுப் போடுகிறார். விடியற்காலை, கூடத்தில் பாய் விரித்து மகள் தூங்குகிறாள். எல்லாம் அமைதி. அது வலது பக்கத்துப் போட்டோ.

பக்கத்தைத் திருப்புகிறோம். வீட்டுக்குள்ளே, பளிங்குத் தரையில், சேறு ஒட்டிய ஷூ தடங்கள். சாமி மாடத்தைத் தாண்டி அடுக்களைப் பக்கம் போகின்றன. பின்னால் கிரில் திறந்திருக்கிறது, பூட்டில் சாவி தொங்குகிறது. அது அப்பாவின் சாவி.

ரத்தம் இல்லை, கோரமான முகம் இல்லை. ஆனால் ஒரு தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் அந்தத் தடத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிடும். இருபது வருடமாக வாசலில் ஷூவைக் கழற்றிய மனிதர் கழற்றாமல் உள்ளே வந்திருக்கிறார். கை சாவியை மறக்கவில்லை, கால் வீட்டை மறந்துவிட்டது. ஜோம்பிக் கதையின் அடி ஆழத்தில் இருக்கும் பயம் இதுதான் என்பது என் கருத்து: நமக்கு வேண்டிய ஒருவர், அதே முகத்தோடு, நம்மை யார் என்று தெரியாமல் வந்து நிற்பது. கடிப்பதும் தின்பதும் அதற்கு அப்புறம்தான். அந்த அப்பாவின் முகத்தைப் புத்தகத்தில் ஒரே ஒரு முறை காட்டுங்கள், அதுவும் கடைசிப் பகுதியில்.

இதில் ஒரு தொழில்நுட்பம் ஒளிந்திருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் வலது பக்கத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் தாளைத் திருப்புவோம். ஆகவே அதிர்ச்சி எப்போதும் திருப்பியதும் முதலில் கண்ணில் படும் இடது பக்கத்தில் இருக்க வேண்டும். அதை வலது பக்கத்தில் வைத்தால், இடது பக்கத்தைப் பார்க்கும்போதே ஓரக்கண்ணுக்கு வலது பக்கம் தெரிந்து எல்லாம் வீணாகிவிடும். இரட்டைப்படை எண் பக்கங்கள் இடதில் வரும் என்பதை நினைவில் வைத்து, கதையை எழுதும்போதே எந்தத் தருணம் எந்தப் பக்க எண்ணில் விழ வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கே உரிய சில வசதிகளையும் சொல்ல வேண்டும். மேற்கத்திய ஜோம்பிக் கதைகளில் ஆளுக்கொரு துப்பாக்கி இருக்கும். இங்கே சாதாரணக் குடும்பத்தில் துப்பாக்கி ஏது? பாராங் என்ற வெட்டுக்கத்தி, கேஸ் சிலிண்டர், துடைப்பக்கட்டை. இதுவே கதையை வேறு பக்கம் திருப்பிவிடும். எதிர்த்துச் சண்டை போடுவதைவிட, கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வியாகும். நம் வீடுகளில் ஏற்கெனவே கிரில் இருக்கிறது, ஜன்னலிலும் கம்பி இருக்கிறது. வெளியே இருப்பவனைத் தடுக்கும் கம்பிதான் உள்ளே இருப்பவரையும் அடைத்து வைக்கிறது. படப்பிடிப்புக்கும் போலித் துப்பாக்கி வேண்டாம், சட்டச் சிக்கலை விலை கொடுத்து வாங்குவானேன்.

பினாங்கு ஒரு தீவு என்பதும் கதைக்குப் பெரிய வரம். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம், 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம், பட்டர்வொர்த்துக்கு ஒரு ஃபெரி. இந்த மூன்றையும் விமான நிலையத்தையும் மூடினால் தீவு தனி. பாலத்தின் மேல் படம் எடுக்க முயலாதீர்கள், ஆபத்து. கரையிலிருந்து பாலத்தைத் தூரத்தில் காட்டினாலே போதும்.

வெளிச்சம்? இதில் நமக்கு இயற்கையே உதவுகிறது. 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உதிப்பது எப்போதும் ஏழு மணிக்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்காலுக்கு லிட்டில் இந்தியா பக்கம் போய்ப் பாருங்கள். வானம் நீலமாக இருக்கும், அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில், கடைகள் பூட்டியிருக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும். அந்த நீலம் கிட்டத்தட்ட இருபது நிமிடம்தான் நிற்கும். முந்தின நாளே இடத்தைப் பார்த்து, கோணத்தை முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

கூட்டமான தெருவில் எடுப்பதற்கும் ஒரு நல்ல வழி உண்டு. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை ஒன்று இரண்டு வினாடி திறந்து வையுங்கள். நடப்பவர்கள் எல்லாம் புகை மாதிரி கலைந்து போவார்கள். அசையாமல் நிற்கும் ஒருவர் மட்டும் தெளிவாக விழுவார். உயிருள்ளவர்கள் மங்கலாகவும், செத்தவன் துல்லியமாகவும் தெரியும் போட்டோவைக் கணினி வேலை எதுவும் இல்லாமல் கேமராவிலேயே எடுத்துவிடலாம். ஷட்டரை இன்னும் நீட்டி முப்பது வினாடி வைத்தால், நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் காணாமலே போவார்கள், தெரு காலியாகிவிடும். பகலில் இதற்கு லென்ஸின் முன்னால் கறுப்பு ஃபில்டர் வேண்டும், இரவில் தேவையில்லை.

2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நாம் எல்லோரும் காலித் தெருவைக் கண்ணால் பார்த்தோம். கடை வரிசைகள், சாலைத் தடுப்புகள், ஒருவரை ஒருவர் கண்டால் விலகிப்போன நாட்கள். அந்த நினைவு வாசகர் மனத்தில் இன்னும் இருக்கிறது. காலித் தெருவின் ஒரு போட்டோ அதைத் தானாகவே எழுப்பும், நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

மேக்கப்பைப் பற்றி நீட்ட மாட்டேன். பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் சிரப், சிவப்பு உணவுச் சாயம், ஒரு சிட்டிகை கொக்கோ தூள். கொக்கோ இல்லாவிட்டால் ரத்தம் ரோஸ் சிரப் நிறத்தில் விழுந்து கெடுத்துவிடும். தோல் உரிந்த மாதிரி காட்ட திரவ லேடெக்ஸும் (ரப்பர் பால்) டிஷ்யூ தாளும் போதும். லேடெக்ஸ் சிலருக்கு ஒவ்வாமை தரும், முதல் நாளே கையில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள். நம் தோல் நிறத்துக்கு வெள்ளைப் பவுடர் அப்பினால் நாடக மேடை மாதிரி ஆகிவிடுகிறது. சாம்பல் கலந்த பச்சையையும் மஞ்சளையும் மெல்லியதாகப் பூசி, உதட்டின் நிறத்தை அடக்கி, கண்ணைச் சுற்றி ஆழப்படுத்துவது நன்றாக வரும்.

ஆட்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நடிப்பவர் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் வாங்குங்கள். வழியில் போகிறவர் முகம் தெளிவாக விழுந்திருந்தால் அந்தப் போட்டோவை விட்டுவிடுங்கள், ஜோம்பிக் கதைக்குள் முகம் போக அவர் ஒத்துக்கொள்ளவில்லையே. அடுக்குமாடியில் எடுப்பதாக இருந்தால் நிர்வாகக் குழுவிடமும் அந்த மாடிக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோயில், சுடுகாடு, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றை மலிவான பயத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அங்கே வருகிறவர்களுக்கு அது துக்கத்தின் இடம், வழிபாட்டின் இடம்.

எழுத்து எவ்வளவு வேண்டும்? போட்டோவில் தெரிவதை எழுத்தில் திரும்பச் சொல்லக் கூடாது. 'அம்மா பூட்டினாள்' என்று பூட்டும் போட்டோவின் கீழே எழுதுவதில் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாததை எழுதுங்கள்: நேரம், வாசனை, போனில் வந்த செய்தி, மகள் கேட்கும் ஒரு கேள்வி. பேச்சைப் பினாங்கில் நாம் பேசுகிற மாதிரியே விடுங்கள், நடுவில் மலாய்ச் சொல் வந்தால் வரட்டும். இருண்ட போட்டோவின் மேல் வெள்ளை எழுத்தில் தமிழ் அச்சிடும்போது எழுத்துருவைக் கொஞ்சம் தடிமனாகத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய எழுத்தில் புள்ளியும் சுழியும் மையில் மூழ்கிவிடும், 'ன'வும் 'ள'வும் வேறுபடாமல் போகும்.

கடைசியாக அச்சு. நடுவில் பின் அடித்துத் தைக்கும் புத்தகம் என்றால் பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், 32 அல்லது 48 பக்கம் தொடக்கத்துக்கு நல்லது. ஏ5 அளவில் ஒரு பக்கம் முழுக்க நிறையும் போட்டோவுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற கணக்கில் சுமார் 1,748-க்கு 2,480 பிக்சல் வேண்டும். இப்போதைய போன் கேமராவே அதைத் தரும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழாமல் இருக்க. இரட்டைப் பக்கம் முழுக்கப் பரவும் போட்டோவில் முகத்தை நடுவில் வைக்காதீர்கள், தையலுக்குள் போய்விடும்.

தாள் விஷயத்தில் எனக்குப் பிடித்தது மேட் ஆர்ட் பேப்பர். பளபளப்பான தாளில் கறுப்பு நன்றாக இறங்கும், ஆனால் விளக்கு வெளிச்சம் பட்டு, இருண்ட பக்கத்தில் வாசகருக்குத் தன் முகமே தெரியும். பூச்சு இல்லாத சிமிலி தாள் மலிவு, ஆனால் மையை உறிஞ்சி இருட்டான பகுதிகளையெல்லாம் ஒரே சாம்பலாக்கிவிடும். திரையில் தெரியும் இருட்டைவிட அச்சில் எப்போதும் கூடுதலாக இருண்டுவிடும் என்பதால், போட்டோக்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கியே அனுப்புங்கள். ஐம்பது நூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். ஆஃப்செட் முறையில் அச்சுத் தகடு (பிளேட்) செய்யும் செலவு முதலிலேயே வந்துவிடும், பல நூறு பிரதிகள் அடித்தால்தான் ஒரு பிரதியின் விலை இறங்கும்.

அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, மடித்து, பின் அடித்து ஒரு மாதிரிப் பிரதி செய்துவிடுங்கள். கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைக் கவனியுங்கள். எங்கே வேகமாகத் திருப்புகிறார், எங்கே நிற்கிறார், எங்கே பின்னால் போய்ப் பார்க்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பின்னால் திரும்பிப் போனால் ஒன்று அவருக்குப் பிடித்திருக்கிறது, அல்லது புரியவில்லை. எது என்று கேட்டுவிடுங்கள். அதன்படி வரிசையை மாற்றி இன்னொரு மாதிரி செய்யுங்கள்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை மலேசியத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். அச்சான பிறகு அங்கே பிரதிகளை ஒப்படைக்க வேண்டும், அதற்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் சொல்கிறது. பின்னட்டையில் எந்த வயதினருக்கு உரியது என்றும் தெளிவாகப் போடுங்கள். விற்பனைக்கு ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் ஒரு மேசை கிடைக்குமா என்று விசாரியுங்கள். பழைய பேருந்து டிப்போவைக் கலைக்கூடமாக்கிய இடம் அது, இந்த மாதிரிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்க்கும் ஆட்கள் அங்கே வருவார்கள். ஒரு பிரதியை உறையில்லாமல் மேசை மேல் வையுங்கள், பக்கம் திருப்பிப் பார்க்காமல் இந்தப் புத்தகத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.